கம்ப்ளை வித், அட்ஹியர் டு, அபைட் பை: விதியைப் பின்பற்றும் ஆங்கில வினைகள்

ஆபீஸ் சர்க்குலர்களில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு வாக்கியங்கள். ஒன்று: "ஆல் ஸ்டாஃப் ஷுட் கம்ப்ளை டு த ரூல்ஸ்." இன்னொன்று: "த ரூல்ஸ் மஸ்ட் பி ஸ்ட்ரிக்ட்லி அட்ஹியர்ட்." சொல்ல வந்தது புரிகிறது, ஆனால் இரண்டும் தப்பு. 'கம்ப்ளை'க்குப் பின்னால் 'டு' வராது, 'வித்'தான் வரும். 'அட்ஹியர்'டுக்குப் பின்னால் 'டு' கட்டாயம் வரவேண்டும், அது காணோம். முதல் வாக்கியத்தில் தேவையில்லாமல் நிற்கும் 'டு'வைத் தூக்கி இரண்டாவதில் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தத் தவறு கவனக்குறைவால் வருவதில்லை. தமிழ் இலக்கணம்தான் கையைப் பிடித்து இழுக்கிறது. விதிக்குக் கட்டுப்படு, ஆணைக்குக் கீழ்ப்படி, கோரிக்கைக்கு இணங்கு, பெரியவர் சொல்லுக்குப் பணி என்று ஒரு கூட்டம் வினைகள் நான்காம் வேற்றுமையோடு வருகின்றன. 'கு' என்றால் 'டு' என்று பள்ளிக்கூடத்திலேயே மனசில் பதிந்துவிடுவதால் 'ஒபே டு', 'கம்ப்ளை டு' என்று எழுத வருகிறது. இன்னொரு கூட்டம் இரண்டாம் வேற்றுமைக்காரர்கள்: விதியைப் பின்பற்று, விதியைக் கடைப்பிடி, விதியை மதி. 'ஐ' உருபுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் கிடையாது. அதனால் 'அட்ஹியர் த ரூல்ஸ்', 'அபைட் த ரூல்ஸ்' என்று வெறுங்கையோடு நிறுத்திவிடுகிறோம். எந்தத் தமிழ் வினையை மனசில் வைத்து எழுதுகிறோமோ, அதன் உருபு ஆங்கில வினைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே உருபைப் பெயர்க்காமல், வினையையும் அதன் துணைச்சொல்லையும் ஒரே சொல்லாகவே மனப்பாடம் செய்வது நல்லது. 'கம்ப்ளைவித்', 'அபைட்பை', 'அட்ஹியர்டு', 'கன்ஃபார்ம்டு', 'ஸ்டிக்டு' என்று இடைவெளி விடாமல் சொல்லிப் பழகலாம். எதுவும் ஒட்டாமல் நேராகச் செயப்படுபொருளைப் பிடிப்பவை 'ஒபே', 'ஃபாலோ', 'அப்சர்வ்', 'ரெஸ்பெக்ட்', 'ஆனர்' ஆகியவை. 'ஒபே த லா', 'ஃபாலோ த ஸ்டெப்ஸ்', 'அப்சர்வ் த ஸ்பீடு லிமிட்' என்றால் போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'ஒபே' என்ற வினைக்கு 'டு' வேண்டாம். ஆனால் அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லுக்கும் பெயரடைக்கும் 'டு' வேண்டும்: 'ஒபீடியன்ஸ் டு த லா', 'ஒபீடியன்ட் டு ஹிஸ் மாஸ்டர்'. 'அப்சர்வ்' வெறுமனே வரும், 'அப்சர்வன்ஸ்'க்கு 'ஆஃப்' வேண்டும். 'கம்ப்ளை', 'அட்ஹியர்' இரண்டும் நேர்மையானவை. வினையானாலும் பெயரானாலும் துணை மாறாது: 'கம்ப்ளையன்ஸ் வித்', 'அட்ஹியரன்ஸ் டு'. நம் ஊர் அரசுக் கடிதங்களில் புழங்கும் 'இன் கம்ப்ளையன்ஸ் ஆஃப் யுவர் ஆர்டர்' என்பதும் இந்தக் கணக்கில் சேராது, 'வித்'தான் சரி. 'இன் அக்கார்டன்ஸ் டு' என்று எழுதுபவர்கள் 'அக்கார்டிங் டு'வோடு குழப்பிக்கொள்கிறார்கள். அக்கார்டன்ஸுக்கு 'வித்'. 'அபைட்'டுக்குப் புழக்கத்தில் உள்ள பெயர்ச்சொல்லே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 'அபைடன்ஸ்' என்று அகராதியில் ஒன்று உண்டு, யாரும் எழுதுவதில்லை.

செயப்பாட்டு வினைதான் அதிகம் பேர் வழுக்கும் இடம். செய்வினையில் 'அட்ஹியர் டு த டைமிங்ஸ்' என்று சரியாக எழுதுபவரும், வாக்கியத்தைத் திருப்பிப் போட்டதும் 'டைமிங்ஸ் மஸ்ட் பி அட்ஹியர்ட்' என்று 'டு'வை விட்டுவிடுகிறார். 'டைமிங்ஸ்' என்ற சொல் முன்னால் போய்விட்டது, இனி 'டு' யாருக்காக என்று தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அந்தத் துணைச்சொல் பெயரோடு கூடப் போவதில்லை. வினையோடு நின்றுவிடும், வாக்கியத்தின் கடைசியில் தனியாகத் தொங்கினாலும் சரி: 'மஸ்ட் பி அட்ஹியர்ட் டு', 'வாஸ் நாட் கம்ப்ளைடு வித்', 'வில் பி அபைடட் பை'. பார்க்க அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தாலும் அதுதான் முறை. காதுக்கு உறுத்தினால் செய்வினைக்கே திரும்பிவிடுங்கள். நோட்டீஸ் எழுதுபவருக்கு நான் சொல்லும் யோசனை எப்போதும் அதுதான்.

துணைச்சொல் ஒருபுறம். எந்த இடத்தில் எந்த வினை என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அகராதியில் எல்லாவற்றுக்கும் 'பின்பற்று' என்று ஒரே பொருள் போட்டிருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்று தோன்றும். அப்படியில்லை. விதியை யார் போட்டது, அதைச் செய்தாயா என்று யார் சரிபார்ப்பது, ஒருமுறை செய்தால் போதுமா, நாள்தோறும் செய்யவேண்டுமா என்று கேட்டுப் பார்த்தால் வினைகள் தாமே பிரிந்துகொள்ளும்.

'கம்ப்ளை' எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து ஒருவர் நிபந்தனை விதிக்கிறார். நீங்கள் அதைப் பூர்த்தி செய்தீர்களா இல்லையா என்பதை ஆவணத்தை வைத்துச் சரிபார்க்கமுடியும். அங்கே இந்த வினை சரியாகப் பொருந்தும். இதன் வேர் லத்தீன் 'காம்ப்ளேரே'. நிரப்புதல், நிறைவேற்றுதல் என்று பொருள். படிவத்தில் கட்டங்களை நிரப்பி டிக் போடும் நினைப்பு இன்றும் அதில் இருக்கிறது. பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் தகுதியுள்ள கம்பெனி செக்ரட்டரியை 'கம்ப்ளையன்ஸ் ஆஃபீசர்' ஆக நியமிக்கவேண்டும் என்கின்றன பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015 விதிமுறைகள். பிரிட்டனில் கம்பெனி நிர்வாகம் பற்றி 1992-ல் வந்த கேட்பரி அறிக்கை 'கம்ப்ளை ஆர் எக்ஸ்ப்ளெய்ன்' என்ற முறையைக் கொண்டுவந்தது. விதிப்படி செய், இல்லையென்றால் ஏன் செய்யவில்லை என்று பங்குதாரர்களுக்கு விளக்கம் எழுது என்பதுதான் அது. இங்கே 'அட்ஹியர் ஆர் எக்ஸ்ப்ளெய்ன்' என்றோ 'ஒபே ஆர் எக்ஸ்ப்ளெய்ன்' என்றோ சொன்னால் எடுபடாது.

'கம்ப்ளை' தனியாகவும் நிற்கும். 'ஹி ரிஃப்யூஸ்டு டு கம்ப்ளை' என்றால் முழு வாக்கியம். 'ரிக்வெஸ்ட்' என்ற சொல்லோடும் அது இயல்பாகச் சேரும். 'கம்ப்ளை வித் யுவர் ரிக்வெஸ்ட்' என்றால் நீங்கள் கேட்டதைச் செய்துகொடுக்கிறேன் என்று பொருள். 'ஒபே யுவர் ரிக்வெஸ்ட்' என்பது முரண்: வேண்டுகோளுக்குக் கீழ்ப்படிய முடியாது, கட்டளைக்குத்தான் முடியும். ஆனால் ஆளை நேராகச் செயப்படுபொருளாக்க 'கம்ப்ளை'யால் ஆகாது. 'கம்ப்ளை வித் த ஆஃபீசர்' என்பது அரைகுறை. 'கம்ப்ளை வித் த ஆஃபீசர்ஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' என்று அவர் சொன்ன விஷயத்தைப் போடவேண்டும்.

எழுத்துப்பிழை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் மானம் போகும். 'கம்ப்ளையன்ட்' என்றால் விதிக்கு இணக்கமானது. 'கம்ப்ளெய்ன்ட்' என்றால் புகார். ஆங்கில எழுத்துகளில் பார்த்தால் 'எல்'லுக்குப் பிறகு முதலாவதில் 'ஐ, ஏ', இரண்டாவதில் 'ஏ, ஐ'. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் உண்மையான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக்கோடு போடாது. 'எங்கள் சாஃப்ட்வேர் முழுக்க முழுக்கப் புகார்' என்று அறிவிக்கும் டெண்டர் ஆவணங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அனுப்பும் முன் ஆவணத்தில் 'கம்ப்ளெய்ன்ட்' என்று தேடிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

'அட்ஹியர்' ஒட்டுகிற வினை. லத்தீன் 'ஹேரேரே' என்றால் ஒட்டிக்கொள். தயங்குதல் என்ற பொருளில் வரும் 'ஹெசிடேட்', கூடவே பிறந்தது என்ற பொருளில் வரும் 'இன்ஹெரன்ட்', பேச்சு கோர்வையாக இருப்பதைக் குறிக்கும் 'கோஹியரன்ட்' எல்லாம் அதே குடும்பம். உச்சரிப்பில் கவனம்: 'டி'யும் 'ஹெச்'சும் அடுத்தடுத்து வருவதால், தர்மபுரியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய நமக்கு அது 'த' என்று தோன்றி 'அதியர்' என்று வந்துவிடும். 'அட்' தனி, 'ஹியர்' தனி, அழுத்தம் இரண்டாவதில்.

பெயர்ச்சொல் ஆகும்போது இந்த வினை இரண்டாகப் பிரிகிறது. பொருளோடு பொருள் ஒட்டுவது 'அட்ஹீஷன்'. சுவரில் பெயின்ட் பிடிப்பது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிற்றுக்குள் குடலும் சுற்றியுள்ள திசுவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது எல்லாம் அதுதான். கொள்கை, அட்டவணை, சிகிச்சைமுறை ஆகியவற்றை விடாமல் பிடித்துக்கொள்வது 'அட்ஹியரன்ஸ்'. டாக்டர் எழுதும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இதை மாற்றிப் போட்டால் கதையே வேறாகிவிடும். ஒட்டிக்கொண்டவர் 'அட்ஹியரன்ட்', அதாவது ஒரு மதத்தையோ கட்சியையோ சேர்ந்தவர். ஒட்டும் பசை 'அட்ஹீசிவ்'.

காலம்தான் 'அட்ஹியர்'ன் முக்கிய குணம். ஒருமுறை செய்து முடிக்கும் காரியத்துக்கு அது பொருந்தாது. 'அட்ஹியர் டு த டயட்', 'அட்ஹியர் டு த ஷெட்யூல்', 'அட்ஹியர் டு ஹர் பிரின்சிபிள்ஸ்' என்று நாள் கடந்தாலும் விடாத விஷயங்களுக்கே வரும். 'நாளைக்குள் ஃபைலை அனுப்பு' என்ற ஒற்றை உத்தரவுக்கு 'அட்ஹியர்' போட்டால் கோணலாக இருக்கும்.

'கம்ப்ளையன்ஸ்', 'அட்ஹியரன்ஸ்' இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மருத்துவத்துறைதான் நன்றாகக் காட்டுகிறது. நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதற்கு முன்பு 'கம்ப்ளையன்ஸ்' என்றே எழுதினார்கள். டாக்டர் சொன்னார், நோயாளி கேட்டுக்கொண்டார் என்ற தொனி அதில் உண்டு. மருந்தை நிறுத்தினால் குற்றவாளி நோயாளிதான். மெல்ல மெல்ல 'அட்ஹியரன்ஸ்' அந்த இடத்துக்கு வந்தது. நீண்டகாலச் சிகிச்சை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்தது. நோயாளியும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஆலோசனைப்படி அவர் நடப்பதே அட்ஹியரன்ஸ் என்று வரையறுத்தது. வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளிடம் இது சராசரியாக 50 சதவீதம்தான் என்றும் சொன்னது. இதற்கும் முன்பே, 1997-ல் பிரிட்டனின் மருந்தாளுநர் சங்கம் 'கன்கார்டன்ஸ்' என்ற மூன்றாவது சொல்லை முன்வைத்தது. அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

காசநோய்ச் சிகிச்சையில் இன்னும் ஒரு நுணுக்கம். 'டாட்ஸ்' என்ற சுருக்கத்தில் உள்ள 'ஓ'வுக்கு 'அப்சர்வ்டு' என்று விரிவு. நோயாளி மாத்திரை விழுங்குவதை ஒருவர் நேரில் பார்க்கவேண்டும் என்பது அதன் பொருள், 'கடைப்பிடிக்கப்பட்ட' என்பதல்ல. இந்தியாவில் வந்த '99டாட்ஸ்' முறையில் மாத்திரை அட்டைக்குப் பின்னால் கட்டணமில்லா போன் எண்கள் மறைந்திருக்கும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் எண் தெரியும், அதற்கு அழைத்தால் அன்றைய மருந்து கணக்கில் ஏறும். எதிரே ஆள் உட்கார்ந்து 'அப்சர்வ்' செய்வது குறைந்து, 'அட்ஹியரன்ஸ்' போன் வழியாகப் பதிவாகிறது.

இந்த வினை ஓர் ஆளைத் தூக்குமேடைவரை கொண்டுபோன வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 1351-ல் நார்மன் பிரெஞ்சில் எழுதப்பட்ட ராஜத்துரோகச் சட்டம், நாட்டுக்குள் அரசனின் எதிரிகளுக்கு 'அட்ஹியரன்ட்' ஆக இருந்து, நாட்டிலோ வேறெங்கோ அவர்களுக்கு உதவுவதைக் குற்றம் என்கிறது. அயர்லாந்து விடுதலைக்காரர் ரோஜர் கேஸ்மென்ட், முதல் உலகப்போரில் ஜெர்மனியில் இருந்த ஐரிஷ் போர்க்கைதிகளை பிரிட்டனுக்கு எதிராகத் திரட்டப் பார்த்தவர். 1916-ல் அவரை விசாரித்தபோது அவர் வழக்கறிஞர், "ஒட்டிக்கொண்டது ஜெர்மனியில், சட்டம் சொல்வது நாட்டுக்குள் நடந்த ஒட்டுதலை" என்று வாதாடினார். 'வேறெங்கோ' என்ற சொல் உதவியோடு மட்டும் சேருமா, ஒட்டுதலோடும் சேருமா என்பது அந்த வாக்கியத்தை எங்கே நிறுத்தி வாசிப்பது என்பதைப் பொறுத்தது. மூலத்தையே எடுத்துப் பார்த்தார்கள், வாதம் எடுபடவில்லை. 1916 ஆகஸ்ட் 3 அன்று தூக்கு. ஒரு கமாவால் தூக்கிலிடப்பட்டவர் என்ற பேச்சு அதிலிருந்து வந்தது.

'அபைட் பை' என்பதில் ஒரு சகிப்பு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'அபைட்' என்றால் காத்திரு, தங்கியிரு. தங்குமிடத்துக்கான 'அபோட்' அதன் எச்சம். பிரிட்டனில் தங்கி வாழும் உரிமைக்கு 'ரைட் ஆஃப் அபோட்' என்றே பெயர். வேறொருவர் சொன்ன முடிவு எனக்குப் பிடிக்காமல் போனாலும் அதன்படி நிற்கிறேன் என்பது 'அபைட் பை'. தீர்ப்பு, அம்பயரின் முடிவு, மத்தியஸ்தரின் ஆணை, போட்டி விதிகள் ஆகியவற்றோடு வரும். இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது தீர்ப்பு இன்னும் வரவில்லை. எதுவானாலும் ஏற்போம் என்ற முன்வாக்குதான் அங்கே இருக்கிறது. அரசியலமைப்பின் 51ஏ பிரிவு, 1976-ல் 42-வது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது, குடிமக்களின் முதல் கடமையாக அரசியலமைப்பை 'அபைட் பை' செய்யச் சொல்கிறது. 'பை' இல்லாமல் எதிர்மறையில் வந்தால் பொருள் தலைகீழ்: 'ஐ கான்ட் அபைட் ஹிம்' என்றால் அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. இறந்தகாலம் 'அபைடட்'. 'அபோட்' என்ற பழைய இறந்தகாலம் செய்யுளில் மட்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோவையிலும் தொழிற்சாலை ஆடிட்டில் புழங்கும் 'என்.சி.' தெரிந்தவர்களுக்கு 'கன்ஃபார்ம்' புதிதல்ல. 'நான்கன்ஃபார்மிட்டி'தான் என்.சி. கன்ஃபார்ம் என்றால் வடிவத்தில் ஒத்துப்போதல். பொருளுக்கோ செயல்முறைக்கோ ஓர் அச்சு இருக்கிறது, இது அந்த அச்சோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி. அதனால் உயிரற்ற பொருள்கூட எழுவாயாக வரும்: 'த போல்ட் கன்ஃபார்ம்ஸ் டு த டிராயிங்'. 'த போல்ட் அபைட்ஸ் பை த டிராயிங்' என்றால் போல்ட்டுக்கு ரோஷம் வந்ததுபோல் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 9000 தரநிலை 'கன்ஃபார்மிட்டி' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு, தேவையை நிறைவேற்றுதல் என்று அதற்கு விளக்கம் தருகிறது. 'கன்ஃபார்மன்ஸ்' என்ற வடிவத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் நம் பி.ஐ.எஸ்.ஸின் 2018 ஒழுங்குமுறைக்கும் 'கன்ஃபார்மிட்டி அசெஸ்மென்ட்' என்றே பெயர். செல்போன் சார்ஜரில் இருக்கும் சி.இ. எழுத்துகளுக்கும் ஐரோப்பிய விதிகளோடு ஒத்துப்போகிறது என்ற பிரெஞ்சு விரிவுதான்.

மனிதர்மேல் வந்தால் இதே வினைக்குக் கொஞ்சம் இளக்காரம் ஏறிவிடும். 'பிரஷர் டு கன்ஃபார்ம்' என்றால் ஊரோடு ஒத்துவாழச் சொல்லும் நெருக்கடி. எல்லா ஆலயங்களிலும் ஒரே வழிபாட்டுமுறை என்று 1662-ல் வந்த இங்கிலாந்தின் ஒருமைப்பாட்டுச் சட்டத்தை ஏற்காமல் சுமார் 2000 போதகர்கள் பதவி இழந்தார்கள். 'நான்கன்ஃபார்மிஸ்ட்' என்ற பெயர் அந்த வழிவந்த சபைகளுக்கு நிலைத்தது. நாகர்கோவில் வட்டாரத்தில் பள்ளிகளும் ஆலயங்களும் எழுப்பிய லண்டன் மிஷன் பெரும்பாலும் இந்தச் சபையினர் நடத்தியதுதான்.

ரயில் டிக்கெட் 'கன்ஃபார்ம் ஆயிடுச்சா' என்று நாம் கேட்பது இந்த வினை அல்ல. அது உறுதிப்படுத்துகிற 'கன்ஃபர்ம்'. எழுத்தில் 'எஃப்'புக்குப் பிறகு ஒன்றில் 'ஓ', மற்றதில் 'ஐ'. நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் எழுதும்போது மட்டும் யோசிக்கவேண்டியிருக்கிறது. 'வி கன்ஃபர்ம் டு ஐ.எஸ்.ஓ. ஸ்டாண்டர்ட்ஸ்' என்று அச்சடித்த பிரவுச்சர்கள் இந்த ஓர் எழுத்தால் குப்பைக்குப் போகும்.

மற்றவை சுருக்கமாக. 'ஒபே' ஆளுக்கும் கட்டளைக்கும் டிராஃபிக் சிக்னலுக்கும். அதிகாரத்தின் வாடை அதிகம், பெரியவர்களிடம் பேசும்போது தவிர்க்கலாம். 'ஃபாலோ' வரிசையான படிகளுக்கும் ஆலோசனைக்கும் சமையல் குறிப்புக்கும். 'அப்சர்வ்' சடங்குத்தன்மை உள்ளவற்றுக்கு: மௌன அஞ்சலி, நோன்பு, போர்நிறுத்தம். 'அப்சர்வன்ஸ்' கடைப்பிடித்தல், 'அப்சர்வேஷன்' உற்றுநோக்கல். ஆஸ்பத்திரியில் நோயாளியை வைத்திருப்பது இரண்டாவதில்.

'ஸ்டிக் டு' என்பது 'அட்ஹியர் டு'வின் வேட்டி மடித்துக் கட்டிய வடிவம். பொருள் ஏறக்குறைய ஒன்று, இடம்தான் வேறு. பேச்சிலும் மெயிலிலும் 'லெட்ஸ் ஸ்டிக் டு த பிளான்' என்பது இயல்பு. ஒப்பந்தத்தில் 'அட்ஹியர்'. இறந்தகாலம் 'ஸ்டக்'. 'இ.டி.' சேர்த்து 'ஸ்டிக்டு' என்று எழுதும் இறந்தகால வடிவம் கிடையாது. துணை மாறினால் பொருளும் ஓடிவிடும். 'ஸ்டிக் வித்' என்றால் வேறொன்றுக்கு மாறாமல் இதிலேயே இருத்தல், 'ஸ்டிக் பை' என்றால் கஷ்டகாலத்திலும் ஒருவரைக் கைவிடாதிருத்தல், 'ஸ்டிக் அட்' என்றால் கடினமான வேலையை விடாமல் செய்தல். 'ஸ்டக் வித்' என்று வந்தால் வேண்டாத ஒன்று தலையில் கட்டப்பட்டிருக்கிறது. நம் ஊர் மதில்களில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் 'ஸ்டிக் நோ பில்ஸ்' மட்டும் அசல் ஒட்டுதல். அதில் 'பில்' என்பது போஸ்டர், மளிகைக்கடை ரசீது அல்ல.

'க்ளிங் டு' பிடிவாதமான, பயந்த பிடி. பழைய கொள்கையை விடாதவரைக் குறைசொல்ல வரும், இறந்தகாலம் 'க்ளங்'. 'க்ளீவ்' விசித்திரமானது. ஒட்டிக்கொள், பிளந்துபோடு என்று நேர்மாறான இரண்டு பொருள். பழைய ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு வினைகள், காலப்போக்கில் எழுத்து ஒன்றாகிவிட்டது. கசாப்புக்கடைக் கத்தியான 'க்ளீவர்' பிளக்கிற வினையில் பிறந்தது. ஒட்டுகிற 'க்ளீவ்' இன்று பைபிள் நடையில் மட்டுமே, அலுவலகத்தில் வேண்டாம்.

விதியைப் பின்பற்றுவதையே ஆயுதமாக்குவதற்கும் ஒரு தொடர் உண்டு: 'வொர்க் டு ரூல்'. நம் பத்திரிகைகள் 'விதிப்படி வேலை' போராட்டம் என்று எழுதுகின்றன. இங்கே 'டு' அளவைக் குறிக்கிறது, விதி சொன்ன அளவுக்கு மட்டும், ஒரு நிமிடம் அதிகமில்லை. 'டு த லெட்டர்' என்பதிலும் அதே 'டு'.

இனி ஒரு மாதிரி நோட்டீஸ். குடியிருப்புச் சங்கங்களில் பார்க்கக்கூடிய தவறுகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

"ரெசிடென்ட்ஸ் ஷுட் ஒபே டு த அசோசியேஷன்." 'டு'வை வெட்டினாலும் 'ஒபே' அடிமைத்தனமாக ஒலிக்கும். காசு கொடுத்து வீடு வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். 'ப்ளீஸ் ஃபாலோ தீஸ் ரூல்ஸ்' போதும்.

"விசிட்டர் பார்க்கிங் டைமிங்ஸ் மஸ்ட் பி ஸ்ட்ரிக்ட்லி அட்ஹியர்ட்." 'டு' சேர்த்தால் இலக்கணம் சரியாகும். 'ப்ளீஸ் கீப் டு த பார்க்கிங் அவர்ஸ்' என்றால் படிக்கவும் எளிது.

"இன்டீரியர் வொர்க் ஷுட் பி இன் கம்ப்ளையன்ஸ் ஆஃப் ஃபயர் சேஃப்டி நார்ம்ஸ்." வெளியார் விதி, தீயணைப்புத் துறை சரிபார்க்கக்கூடியது. வினைத் தேர்வு கச்சிதம், துணை மட்டும் தப்பு. 'மஸ்ட் கம்ப்ளை வித்' என்று வினையாகவே எழுதலாம். 'ஷுட்' அறிவுரை, 'மஸ்ட்' கட்டாயம். தீ விஷயத்தில் அறிவுரை போதாது.

"கமிட்டி டிசிஷன் இஸ் ஃபைனல் அண்ட் ஆல் ஷுட் அபைட்." பிடிக்காவிட்டாலும் ஏற்கவேண்டிய முடிவு என்பதால் 'அபைட்' சரியான தேர்வு. 'பை இட்' சேர்த்தால் முடிந்தது.

"தோஸ் ஹூ ஃப்ளான்ட் த ரூல்ஸ் வில் பி ஃபைன்ட்." மீறுவதற்கும் ஆங்கிலம் தனித்தனி வினை வைத்திருக்கிறது: சட்டத்தை 'பிரேக்', ஒப்பந்தத்தை 'பிரீச்', காப்புரிமையை 'இன்ஃப்ரிஞ்ச்', விதியை 'வயலேட்'. எல்லாரும் பார்க்க அலட்சியமாக மீறுவது 'ஃப்ளவுட்'. 'ஃப்ளான்ட்' என்றால் பெருமையாக எடுத்துக் காட்டுவது. எழுதியபடி நடவடிக்கை எடுத்தால், விதிகளைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டிய செயலாளருக்குத்தான் முதல் அபராதம்.